குடும்பக் குழுவில் ஒரு பழைய கிரிக்கெட் கேசட்

அருண்: வணக்கம் சித்தப்பா. மெல்பர்னில் ஒரு பழைய பொருள் கடையில், நின்டெண்டோ நிறுவனத்தின் எட்டு பிட் வீடியோ கேம் கருவிக்கான 'இன்டர்நேஷனல் கிரிக்கெட்' கேசட்டைப் பார்த்தேன். பொங்கலுக்குச் சென்னை வரும்போது வாங்கி வந்தால், பரணில் இருக்கும் நம் வீடியோ கேம் பெட்டியில் ஓடுமா?

ரவி சித்தப்பா: நேரடியாக ஓடாது அருண், ஆனாலும் தவறாமல் வாங்கி வா. நாம் ரிச்சி தெருவில் வாங்கிய பெட்டி ஃபாமிகாமின், அதாவது ஜப்பானில் நின்டெண்டோ விற்ற அதே கருவியின், நகல் என்பதால் அதன் கேசட்டுக்கு 60 பின்கள், அதாவது இணைப்புப் பற்கள். ஆஸ்திரேலியாவில் விற்ற கேசட்டுக்கோ 72 பின்கள். இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். அதன் பிறகும் படம் சீராக வருமா என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கீதா அத்தை: ரவி, அந்தப் பெட்டியில் ஏற்கெனவே எத்தனையோ விளையாட்டுகள் இருந்தனவே. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

ரவி சித்தப்பா: அவற்றில் கிரிக்கெட் இல்லையே அக்கா. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவான கேசட்டுகளில் பேஸ்பால் இருந்தது, கால்பந்து இருந்தது. 1992 உலகக் கோப்பையை விடியற்காலையில் எழுந்து பார்த்த நம் தெருப் பிள்ளைகள், டிவி முன் உட்கார்ந்ததும் பேஸ்பால் மட்டையைத்தான் சுழற்ற வேண்டியிருந்தது. அதே 1992-இல் மெல்பர்னின் பீம் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு ஆஸ்திரேலியாவில் மட்டுமே விற்பனைக்கு வந்ததால், இதற்காகவே ஏங்கியிருக்கக்கூடிய நம் ஊருக்கு அது வந்து சேரவில்லை.

அருண்: அந்தச் சிறிய கருவியில் கிரிக்கெட்டை அமைப்பது கடினமாக இருந்திருக்குமா சித்தப்பா?

ரவி சித்தப்பா: மிகவும் கடினம், அதனால்தான் எனக்கு இதன் மீது இத்தனை மதிப்பு. அந்தக் கருவியில் அசையும் உருவங்களெல்லாம் ஸ்பிரைட் எனப்படும் சிறு துண்டுகளால் ஆனவை. திரை முழுவதற்கும் 64 துண்டுகள், ஒரு கிடைக்கோட்டில் 8 மட்டுமே. ஒரு வீரரின் அகலத்துக்கு இரண்டு துண்டுகள் என்று வைத்துக்கொண்டால், கீப்பர், இரண்டு ஸ்லிப், கல்லி ஆகிய நால்வர் ஒரே கோட்டில் நின்றதுமே எட்டும் தீர்ந்துவிடும்; ஐந்தாவதாக வருபவர் மறைந்துபோவார் அல்லது எல்லோரும் மாறி மாறி மினுக்குவார்கள். டென்னிஸுக்கு இரண்டு பேரும் ஒரு பந்தும் போதும். இங்கோ பதினொரு களத்தடுப்பாளர்கள், இரண்டு மட்டையாளர்கள், நடுவர்கள், பந்து ஆகியவற்றோடு இரு அணிகளின் ஓட்டக் கணக்கையும் கருவியின் 2 கிலோபைட் வேலை நினைவகத்தைக் கொண்டே சமாளிக்க வேண்டும்.

கீதா அத்தை: லாராவின் பெயரிலும் ஒரு விளையாட்டு வந்ததாக நினைவு.

ரவி சித்தப்பா: ஆம் அக்கா, அது 1995-இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் என்ற பதினாறு பிட் கருவிக்கு வந்தது. முந்தைய ஆண்டுதான் லாரா ஆன்டிகுவாவில் 375 ஓட்டங்களும், வார்விக்‌ஷயர் அணிக்காக ஆட்டமிழக்காமல் 501 ஓட்டங்களும் எடுத்திருந்தார். விளையாட்டை வெளியிட்ட கோட்மாஸ்டர்ஸ் நிறுவனமும் அதே வார்விக்‌ஷயரில்தான் இருந்தது. புகழ் அதற்கே அதிகம் என்றாலும், எட்டு பிட்டில் கிரிக்கெட்டைத் துணிந்து செய்தவர்களையே நான் ஒரு படி மேலே வைப்பேன்.

அருண்: அப்படியானால் நாளையே வாங்கிவிடுகிறேன் சித்தப்பா.

ரவி சித்தப்பா: பணம் கொடுப்பதற்கு முன், கேசட்டின் அடியில் உள்ள உலோகப் பற்கள் அரித்துப் போகாமல் இருக்கின்றனவா என்று பார். வெறும் அழுக்காக இருந்தால் கவலையில்லை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்ளலாம். அடாப்டரை நான் இங்கே தேடி வைக்கிறேன்.