காய்கறி ரிசோட்டோவுக்குப் பக்கத்தில் என்ன வைக்கலாம்?

கோவைக்காரன்:
ஞாயிறு இரவு வீட்டில் 6 பேருக்குச் சாப்பாடு. சுக்கினி, பட்டாணி, அஸ்பாரகஸ் போட்டு ரிசோட்டோ, அதாவது இத்தாலியக் குழைவுச் சாதம், செய்யப் போகிறேன். ஆர்போரியோ அரிசி வாங்கியாயிற்று. எல்லாரும் சைவம், இருவர் முட்டைகூடத் தொடமாட்டார்கள். பக்கத்தில் கார்லிக் பிரெட்டும் ஒரு சாலட்டும் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். வேறு ஏதாவது பொருந்துமா?

நோவாராவாசி:
எதுவும் வைக்காதீர்கள். நான் இருப்பது இத்தாலியின் நெல்வயல் பகுதியில். இங்கே ரிசோட்டோ என்பது ப்ரிமோ, அதாவது சாப்பாட்டின் முதல் சுற்று. தட்டில் அது மட்டும்தான் வரும். அதை முடித்த பிறகுதான் மீனோ இறைச்சியோ. காய்கறித் துணைகளெல்லாம் அந்த இரண்டாம் சுற்றுக்கு உரியவை.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெயும் சீஸும் போட்டு வேகமாகக் கிளறுகிறோமே, அப்போதுதான் அரிசியின் மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்ந்து பளபளவென்று குழைகின்றன. தட்டைச் சாய்த்தால் அலை போல நகர வேண்டும். அதன் ஓரத்தில் சாலட்டைக் கொட்டினால் வினிகர் ஓடி வந்து கலந்து எல்லாம் நீர்த்துவிடும். கார்லிக் பிரெட்டைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. அரிசிக்கு ரொட்டியா?

தோசைக்கல்:
வந்துவிட்டார் சட்டம் பேச! மிலானில் குங்குமப்பூ ரிசோட்டோவையும் ஓஸ்ஸோபூக்கோ என்ற கன்றின் கால் இறைச்சியையும் ஒரே தட்டில் வைக்கிறார்களே, அது என்ன? கோமோ ஏரிப் பக்கம் பொரித்த பெர்ச் மீனை ரிசோட்டோ மேலேயே அடுக்கித் தருகிறார்களே? இந்த இரண்டு ஊரும் இருக்கிற லொம்பார்தியாவிலேயே உங்கள் விதி செல்லுபடியாகவில்லை.

இன்னொன்று. அங்கே ஆளுக்கு 70, 80 கிராம் அரிசி போட்டால் போதும், ஏனென்றால் பின்னால் இன்னொரு சுற்று வரும். கோவையில் அதுவேதான் முழுச் சாப்பாடு. 100 கிராமுக்கு மேல் போட்டால்தான் வயிறு நிறையும். அவ்வளவையும் ஒரே வழவழப்பில் சாப்பிட்டால் பாதியிலேயே வாய் சலித்துவிடும். சாம்பார் சாதத்துக்கு அப்பளம் கேட்பதில்லையா? அதே நியாயம்தான். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கசப்பு, கடிக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

நோவாராவாசி:
ஓஸ்ஸோபூக்கோ உங்கள் கட்சிக்கு உதவாது. அந்த ரிசோட்டோவுக்குள் காய் எதுவும் இல்லை. வெண்ணெய், வெங்காயம், குங்குமப்பூ, சீஸ், பழைய முறையில் கொஞ்சம் எலும்பு மஜ்ஜை, அவ்வளவுதான். அதனால் பக்கத்தில் ஒன்றைத் தாங்கும். கோவைக்காரர் ஏற்கெனவே மூன்று காய்களை உள்ளே போட்டுவிட்டார். அதற்கு வெளியே இன்னும் காயா?

சலிக்கிறது என்றால் உள்ளேயே சரிசெய்யலாம். அஸ்பாரகஸ் நுனிகளை மட்டும் தனியாக வதக்கிக் கடைசியில் மேலே போடுங்கள், கடிக்கக் கிடைக்கும். இறக்கும்போது எலுமிச்சைத் தோலைத் துருவிச் சேர்த்தால் வெண்ணெய் திகட்டாது. பருப்புவகை வேண்டுமா? எங்கள் ஊர்ப் பனீஷாவில் பொர்லொத்தி பீன்ஸும் முட்டைக்கோஸும் அரிசியோடு பானைக்குள்ளேயே போகின்றன. அசலில் சலாமி என்ற பன்றி இறைச்சியும் உண்டு, நீங்கள் விட்டுவிடலாம்.

பலேர்மோ_பரா:
நான் பலேர்மோவில் இருக்கிற யாழ்ப்பாணத்தான். நோவாரா அண்ணை சொல்லுகிற ஒழுங்கு சரி, ஆனால் அது வடக்கின் ஒழுங்கு. நான் கேட்கிறது வேறு. சமைக்கிறது ஒரு ஆள்தானே? ரிசோட்டோ அடுப்பில் இருக்கிற 16, 18 நிமிசமும் கரண்டியை விட ஏலாது. அந்த நேரத்தில் இன்னொரு அடுப்பில் எதையாவது வறுத்துக்கொண்டு நின்றால் இரண்டும் பாழ். ஆகவே துணை எதுவாக இருந்தாலும் அது முன்னமே முடிந்திருக்க வேண்டும், ஆறினாலும் ருசிக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கப்பொனாத்தாதான். கத்தரிக்காயைப் பொரித்தெடுத்து, செலரி, தக்காளி, ஒலிவ், கேப்பர் சேர்த்து, வினிகரும் சீனியும் விட்டு இறக்குங்கோ. சனிக்கிழமையே செய்து வைத்தால் ஞாயிறு இன்னும் நன்றாக இருக்கும். சூடாக்கவே தேவையில்லை.

வெண்ணெய்ச்சட்டி:
கப்பொனாத்தா எனக்கும் உயிர். ஆனால் இந்த ரிசோட்டோவுடன் வேண்டாம். சுக்கினியும் அஸ்பாரகஸும் மெல்லிய ருசி. ஒரு வாய் இனிப்புப் புளிப்புக் கத்தரிக்காய் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாய் ரிசோட்டோ எடுத்தால் வெண்ணெய் மட்டும்தான் தெரியும். பரங்கிக்காய் ரிசோட்டோ, காளான் ரிசோட்டோ என்றால் ஒருவேளை எதிர்த்து நிற்கும்.

பச்சை பீன்ஸை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக வடித்து, ஆலிவ் எண்ணெயில் புரட்டி வையுங்கள். பரா சொன்ன நிபந்தனை இதற்கும் பொருந்துகிறது. கசப்புக்கு அருகுலா கிடைத்தால் ஒரு கைப்பிடி. ரடிக்கியோ என்ற கசப்பு இலையையும் பெருஞ்சீரகக் கிழங்கையும் தேடி அலைய வேண்டாம், அவை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்கவில்லை. எந்த சீஸ்? அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் (பாலைத் திரிக்கும் பொருள்) போட்டுத்தான் செய்யப்படுகிறது, அதன் விதியே அப்படி. முட்டையே தொடாதவர்களுக்கு அதைத் துருவிப் போட்டுவிட்டு ‘சைவம்’ என்று சொல்லாதீர்கள். நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த கெட்டி சீஸ் இருக்கிறது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். காய்ச்சாறுக் கட்டி வாங்கினாலும் அதே கவனம்.

தோசைக்கல்:
சீஸ் விஷயம் நல்ல பிடி. ஆனால் எல்லாரும் சேர்ந்து கார்லிக் பிரெட்டை ஏன் விரட்டுகிறீர்கள்? நோவாராக்காரர் தட்டில் மிஞ்சியதை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டதே இல்லையா?

நோவாராவாசி:
பாஸ்தா சாஸை வழிப்பேன். ரிசோட்டோவில் வழிக்க என்ன மிஞ்சும்? மிஞ்சினால் அது ரிசோட்டோ இல்லை, கஞ்சி.

தோசைக்கல்:
சரி, அப்படியானால் ரொட்டியைத் தூளாக்கி, பூண்டு தட்டிப்போட்ட ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து அந்த பீன்ஸ் மேல் தூவட்டும். இதுவும் இத்தாலிக்காரர்கள் செய்வதுதான். பூண்டும் வந்துவிட்டது, மொறுமொறுப்பும் வந்துவிட்டது. இதற்கு என்ன சட்டம் வைத்திருக்கிறீர்கள்?

நோவாராவாசி:
இதற்குச் சட்டம் இல்லை. தனிக் கிண்ணத்தில் வையுங்கள், ரிசோட்டோ தட்டுக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

பலேர்மோ_பரா:
கப்பொனாத்தாவைக் கைவிட நான் தயாரில்லை. சிசிலியில் அதை முதலில் கொறிக்கிற ஐட்டமாகவும் வைப்பார்கள். வந்தவர்களுக்குச் சுட்ட ரொட்டித் துண்டில் ஒரு கரண்டி வைத்துக் கொடுங்கோ. அவர்கள் கதைத்துக்கொண்டு சாப்பிடட்டும், நீங்கள் உள்ளே நின்று கிளறலாம். பின்னால் ரிசோட்டோ வரும்போது கத்தரிக்காய் முடிந்திருக்கும். வெண்ணெய்ச்சட்டி அக்காவுக்கும் குறை இல்லை.

வெண்ணெய்ச்சட்டி:
இடையில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சம்மதம்.

கோவைக்காரன்:
முடிவு செய்துவிட்டேன். முதலில் ரொட்டியும் கப்பொனாத்தாவும். அப்புறம் ரிசோட்டோ மட்டும், அகலத் தட்டில். பூண்டு ரொட்டித்தூள் போட்ட பீன்ஸ் நடுவில் பொதுக் கிண்ணத்தில், வேண்டியவர்கள் சின்னத் தட்டில் எடுத்துக்கொள்ளட்டும். அரிசி ஆளுக்கு 90 கிராம், மொத்தம் 540. இருவர் சண்டைக்கும் நடுவில் நின்று போட்ட கணக்கு. சீஸ் பாக்கெட்டைப் பார்த்தேன், பச்சைப் புள்ளி இருக்கிறது. சாலட் கிடையாது, கார்லிக் பிரெட்டும் கிடையாது.

நோவாராவாசி:
540 கிராமுக்குக் காய்ச்சாறு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது, பக்கத்து அடுப்பில் கொதிநிலையிலேயே இருக்கட்டும். தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து வையுங்கள். குளிர்ந்த தட்டில் போட்டால் மேசைக்கு வருவதற்குள் இறுகிவிடும்.

கோவைக்காரன்:
நன்றி. கடைசிச் சந்தேகம்: பீன்ஸுக்கு எலுமிச்சையா, வினிகரா?

வெண்ணெய்ச்சட்டி:
எலுமிச்சை. பரிமாறும்போது மட்டும் பிழியுங்கள். முன்பே பிழிந்தால் புளிப்பு ஏறிப் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும்.

பலேர்மோ_பரா:
வினிகர்.

தோசைக்கல்:
ஆரம்பித்துவிட்டார்கள்.