போனில் இணையம் வருகிறது, கணினியில் மட்டும் எந்தத் தளமும் திறப்பதில்லை

மல்லிகை:
அப்பாவின் மேசைக் கணினி, வாங்கிப் பத்து வருடம் இருக்கும். நான்கு நாளாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வந்து நிற்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இப்படித்தான். அதே வைஃபையில் என் போன் நன்றாக ஓடுகிறது. ரௌட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டாயிற்று. அப்பா இப்போது என் போனை வாங்கித்தான் மெயில் படிக்கிறார், சின்ன எழுத்து, கண் வலிக்கிறது என்கிறார். தொடர்பு உண்டா தெரியவில்லை, காலையில் கணினியைப் போட்டதும் கறுப்புத் திரை வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

செந்தில்:
கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை தட்டும் கறுப்புச் சாளரம்) பிங் 8.8.8.8 அடித்துப் பாருங்கள், வெளியே உள்ள ஒரு கணினியிடமிருந்து பதில் வருகிறதா என்று அது காட்டும். பதில் வந்தால் ஒரு தளத்தின் பெயரைப் போட்டும் பாருங்கள். பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால், பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு.

மல்லிகை:
இரண்டுக்குமே நான்கு வரியும் பதில் வருகிறது, ஒன்றுகூட விடவில்லை.

பழையபெட்டி:
அப்படியானால் இணையத்தில் குறை இல்லை. திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள் அம்மா. அந்த எஃப்1தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. இரவில் சுவர் சுவிட்சையும் அணைக்கிறீர்களா?

மல்லிகை:
ஆமாம், போன வாரத்திலிருந்து அணைக்கிறோம். தேதி 2015 ஜனவரி 1 என்று காட்டுகிறது! நான் கவனிக்கவே இல்லை.

பழையபெட்டி:
பெட்டிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்திருக்கிறது, காலையில் எஃப்1 கேட்பதும் அதனால்தான். இத்தனை நாள் சுவிட்ச் போட்டே இருந்ததால் வெளியில் தெரியவில்லை. ஒவ்வொரு தளமும் தான் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2015இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்காத ஒன்று, அதனால் நம்ப மறுக்கிறது. விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்தும் என்பார்கள். ஆனால் வழக்கமான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் பிசகியிருந்தால் அது தொடாது.

இப்போதைக்குத் தேதி, நேரம் இரண்டையும் கையால் மாற்றுங்கள். ‘பரவாயில்லை, உள்ளே போ’ என்ற பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள், மெயில் கடவுச்சொல் போகும் வழி அது.

பேட்டரி மாற்றும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ஓரத்திலுள்ள சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். பொதுவாக ப்ளஸ் பக்கம் மேலே இருக்கும், பழையது எப்படி இருந்தது என்று பார்த்தே புதியதை வையுங்கள். பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மல்லிகை:
தேதியை மாற்றியதும் எல்லாத் தளமும் திறந்தன. இன்று பேட்டரியும் மாற்றினேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) நேரம் வைத்து, சுவிட்சை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போட்டேன், எஃப்1 கேட்கவில்லை. ரொம்ப நன்றி ஐயா. அப்பா எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நான்கு நாள் மெயிலையும் படித்துக்கொண்டிருக்கிறார்.