அடிவயிற்றில் தொங்கும் தோலுக்கு ஆபரேஷன்: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

இரண்டு பிரசவம், இரண்டுமே சிசேரியன். அப்புறம் மூன்று வருடம் பிடிவாதமாக நடந்து, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி 28 கிலோ குறைத்தேன். எடை குறைந்ததே தவிர தோல் சுருங்கவில்லை. குனிந்தால் அடிவயிறு தனியாகத் தொங்கும். தழும்புக்கு மேல் விழுந்த மடிப்பில் வேர்வை தங்கித் தங்கிப் புண்ணாகிவிடும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். தழும்பு சின்னது, சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று நம்பி, குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டேன். கொழுப்பு போனது உண்மைதான். ஆனால் தோலுக்குக் கொஞ்சமாவது முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்ததே அந்தக் கொழுப்புதான். பஞ்சை எடுத்துவிட்ட தலையணை உறை போல வயிறு முன்பைவிடத் தளர்ந்துபோனது.

அடுத்துப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் என்னை மல்லாந்து படுக்கவைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேல், நடு வயிற்றில் விரலை அழுத்தினார். பிறகு என் விரல்களையே எடுத்து அங்கே வைத்தார். இரண்டு பக்கமும் தசையின் விளிம்பு தட்டுப்பட்டது. நடுவில் இரண்டரை விரல் அகலத்துக்குப் பள்ளம். கர்ப்பத்தின்போது விலகிய தசைகள் திரும்பச் சேரவே இல்லை. சாப்பிடாமல் இருந்தாலும் வயிறு முட்டிக்கொண்டு தெரிந்ததற்குக் காரணம் அதுதான். லைப்போ செய்வதற்கு முன் இந்த ஒரு நிமிடச் சோதனையை எனக்கு யாரும் செய்யவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

பிறகு செய்தது முழு டம்மி டக். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீழே வெட்டி, தோலை விலா வரை பிரித்து, விலகிய தசைகளை நடுக்கோட்டில் இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டி எடுக்கிறார்கள். தொப்புள் அதன் காம்போடு இருந்த இடத்திலேயே இருக்கும். கீழே இழுத்த தோலில் அதற்குப் புதிதாக ஒரு துளை போடுவார்கள். பழைய சிசேரியன் தழும்பும், தொப்புளுக்குக் கீழிருந்த பிரசவ வரிகளில் பெரும்பகுதியும் வெட்டிய தோலோடு போய்விட்டன. எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அன்று மாலையே எழுப்பி நடக்கவைத்தார்கள். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் அந்த அவசரம். பத்து நாள் கூன் போட்டுத்தான் நடந்தேன். தூங்குவதும் முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுத்துத்தான். நிமிர்ந்தால் தையல் சுண்டி இழுக்கும்.

வலியைவிட என்னைப் படுத்தியது, காயத்துக்குள் சேரும் நீரை வெளியே எடுக்கும் ட்ரெயின் குழாய். நுனியில் கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர் குமிழ். தினமும் காலையில் அதைத் திறந்து, கோடு போட்ட கப்பில் ஊற்றி, அளவைக் குறித்துவைத்து, குமிழைப் பிழிந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு வெளிர் மஞ்சள். 80 மில்லி, 65, 50... இரண்டு நாள் தொடர்ந்து 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகு, ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. அப்புறமும் தோலுக்கடியில் நீர் கோர்த்தது. வயிற்றைத் தட்டினால் தண்ணீர் அசைவது கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு முறை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். இறுக்கமான பெல்ட் ஆறு வாரம். கனம் தூக்கக் கூடாது என்பதும் அதுவரைக்கும்தான். சின்னவன் கையை நீட்டிக்கொண்டு வரும்போது தூக்க முடியாமல் நின்றதுதான் ரொம்பக் கஷ்டம்.

தொப்புளுக்குக் கீழே இன்னும் பாதி மரத்திருக்கிறது. ஆனால் மடிப்பில் புண் வந்து ஒன்றரை வருடமாகிவிட்டது.

———

அக்கா, நீங்கள் சொன்ன மடிப்புப் புண்தான் என்னையும் கொண்டுபோய் நிறுத்தியது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு 60 கிலோ குறைந்தேன். அடிவயிறு தொடைமேல் மடிந்து விழும். பேன்ட் போடும்போது அதைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நின்றால்தான் செய்வேன் என்றார் டாக்டர். புரதமும் இரும்புச்சத்தும் குறைவாக இருந்ததால் அதைச் சரிசெய்யவே மேலும் மூன்று மாதம் போனது. அது இல்லாமல் இவ்வளவு பெரிய காயம் ஆறாது என்று புரியவைத்தார்.

பானிக்யுலெக்டமி என்றால் தொங்கும் பகுதியை மட்டும் வெட்டுவது, தசையைத் தைப்பதில்லை. எனக்குப் பக்கவாட்டிலும் தோல் தளர்ந்திருந்ததால் அது போதவில்லை. கிடைவாக்கில் ஒன்று, மார்பெலும்புக்குக் கீழிருந்து நேராக ஒன்று என்று இரண்டு வெட்டு. வயிற்றின் நடுவே நீளமான கோடு இருக்கிறது. சட்டையைக் கழற்றினால் தெரியும். அதற்குச் சம்மதித்துத்தான் படுத்தேன், வருத்தமில்லை.

———

புகைபிடிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து என் கதையைக் கேளுங்கள். ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். “நிறுத்திவிட்டேன்” என்று பொய் சொன்னேன். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். பிரித்து இழுத்த தோலுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. நாலாம் நாள் தையலின் நடுவில் ஊதா நிறம், ஒரு வாரத்தில் கறுப்பு. உள்ளங்கை அளவு தோல் செத்துப்போனது. வெட்டி எடுத்துவிட்டு, இரண்டரை மாதம் தினமும் காயத்துக்குக் கட்டு மாற்றினேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் போடட்டும்.

———

எனக்குத் தொங்கவில்லை அக்கா, வயிறு கெட்டியாக உருண்டையாக இருக்கிறது. லைப்போ போதுமா?

———

கையில் பிடிக்க வருகிறதா என்று பாருங்கள் தம்பி. பிடிக்க வராமல் கெட்டியாக இருந்தால், பெரும்பாலும் அது குடலைச் சுற்றி, வயிற்றுத் தசைக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பு. லைப்போ குழாய் தோலுக்கும் தசைக்கும் நடுவில்தான் போகும், அங்கே எட்டாது. அது எடை குறைந்தால்தான் குறையும். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். கெட்டியாக இருப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

தனியாகக் கேட்டிருந்த தங்கைக்கும் இங்கேயே சொல்கிறேன். இன்னொரு குழந்தை வேண்டும் என்றால் அதற்குப் பிறகு செய்துகொள்ளுங்கள். தைத்த தசை மறுபடி விலகிவிடலாம் என்பதால் என் டாக்டர் முதல் நாளே கேட்ட கேள்வி அதுதான்.