புதுப்பிப்பு: நில்லாத பறவையை வரையக் கற்கிறேன்

ஓரிடத்தில் நிற்காத பறவையை எப்படி வரைவது என்று முன்பு உங்களிடம் கேட்டிருந்தேன். முதுகுக்கோட்டின் சாய்வை மட்டும் முதலில் பிடியுங்கள் என்றீர்கள். அது பலித்துவிட்டது!

மொரிஷியஸின் கியூர்பிப் நகரில் எங்கள் தோட்டத்துக்கு வரும் செம்மீசைச் சின்னான்தான் என் ஆசான். (தமிழ்நாட்டிலும் காணும் அதே பறவைதான், மொரிஷியசுக்குக் கொண்டுவரப்பட்டது.) அது பறந்துவிட்டால் கோட்டை அப்படியே விட்டுப் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்குகிறேன். சற்று நேரத்தில் அது பழைய நிலையிலேயே வந்து அமர்கிறது. விட்ட கோட்டைத் தொடர்கிறேன்.

கால்தான் பாடாய்ப் படுத்தியது. பின்னோக்கி மடங்குவதுபோல் தெரியும் மூட்டு முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. இதை அறிந்தபின் என் பறவைகள் கிளையைப் பற்றி நிற்கின்றன.

அண்மையில் இங்குள்ள கடற்கரை ஊரான மாஹேபூருக்கு எதிரே உள்ள எக்ரெத் தீவில் இளஞ்சிவப்புப் புறாவைப் பார்த்தேன். 1990களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழ பத்து மட்டுமே எஞ்சியிருந்த இனம். தூரிகையைப் பிடித்த கை நடுங்கியது. ரோஜா நிறத்தில் நிறையத் தண்ணீர் கலந்து பூசினேன். காய்ந்ததும் வயிற்றடியில் சிறிது அல்ட்ராமரின் நீலம், இறக்கைக்குப் பழுப்பு. இறகுகளை ஒவ்வொன்றாக வரையவில்லை, தொகுதிகளாகவே பிரித்தேன்.

கண்ணின் ஒளிப்புள்ளிக்குத் தாளின் வெண்மையையே விட்டுவைக்கிறேன். வெள்ளை வண்ணம் வைப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.