இருமொழிப் பாடசாலையின் முன்னுரிமைகளில் ஜப்பானிய மொழி எங்கே?

கேள்வி: மூன்று மொழி வீட்டுத் தாய்

வணக்கம். நாங்கள் மெல்பேர்னின் தென்கிழக்கில் இருக்கிறோம். மகள் இங்குள்ள ஓர் அரசாங்க ஆரம்பப் பாடசாலையில் முதலாம் வகுப்புப் படிக்கிறாள். பாதிப் பாடம் ஜப்பானிய மொழியில் நடக்கிறது, மீதி ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ். என் அம்மா எங்களோடு இருப்பதால் அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

இரண்டாம் தவணையின் கடைசிச் செய்திமடல் சென்ற வாரம் வந்தது. முதற்பக்கத்தில் 2025ஆம் ஆண்டின் முன்னுரிமைகளை அதிபர் நினைவூட்டியிருந்தார். முதலாவது ஆங்கில வாசிப்பு. பிரெப் எனும் முதலாம் வகுப்புக்கு முந்திய ஆண்டு முதல் இரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் குறைந்தது 25 நிமிடம் ஃபோனிக்ஸ் (எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்கும் முறை) கற்பிக்க வேண்டும் என்று மாநில அரசு இந்த ஆண்டு கொண்டுவந்த ஏற்பாட்டைப் பற்றி அங்கே ஒரு பந்தி இருந்தது. அடுத்தது கணிதம். மூன்றாவது பிள்ளைகளின் மனநலம். இரண்டு தடவை வாசித்தேன். ஜப்பானிய மொழி என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

ஜப்பான் பின்பக்கங்களில் இருந்தது. ஊண்டோகாய் விளையாட்டு விழாவில் சிவப்பு அணியும் வெள்ளை அணியும் கம்பத்து உச்சிக் கூடைக்குள் துணிப்பந்து எறியும் படங்கள் வந்திருந்தன. ஜூலை 7 விடுமுறைக்குள் வருவதால் தனபாத்தா என்ற நட்சத்திர விழாவை முன்கூட்டியே கொண்டாடுகிறார்கள், வீட்டில் மூங்கில் உள்ளவர்கள் ஒரு கிளை கொண்டுவந்து தரலாம் என்று ஓர் அறிவிப்பும் இருந்தது. படங்களில் மகளும் இருந்தாள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மொழி விழாவாகச் சுருங்குவதை நான் என் குடும்பத்திலேயே பார்த்தவள். இங்கு பிறந்த என் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் நவராத்திரிக்குப் பாட்டுப் பாடுவார்கள். ஒரு சொல்லும் பிசகாது. "சாப்பிட்டாயா" என்று கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பாட்டின் பொருள் கேட்டால் தாயின் முகத்தைப் பார்ப்பார்கள். மகளின் ஜப்பானிய மொழியும் அப்படி ஆகிவிடக் கூடாது. அவள் இப்போது விரலை மடக்கிக் கணக்குச் செய்வது ஜப்பானிய மொழியில்தான். விரித்த கையில் பெருவிரலை முதலில் மடக்கி, "இச்சி, நி, சான்" என்று அவள் போவதை நான் சமையலறையில் நின்றபடி கேட்பேன். கூட்டல் அவளுக்கு அந்த மொழியில்தான் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். முன்னுரிமைப் பட்டியலில் ஜப்பானிய மொழி இல்லாததால் அதற்குரிய நேரம் குறைகிறது என்று கொள்ளலாமா? ஃபோனிக்ஸுக்கான 25 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பார்கள்? இப்படியான பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: முன்னாள் பாடசாலைச் சபை உறுப்பினர்

தங்கச்சி, என் பிள்ளைகள் இருவரும் இத்தகைய பாடசாலையில்தான் படித்து முடித்தார்கள். பெற்றோர் பிரதிநிதியாக நான்கு ஆண்டுகள் சபையில் இருந்தேன். உங்களுக்கு வந்த பயம் முதல் ஆண்டு எனக்கும் வந்தது.

நம் விக்டோரியா மாநிலத்தின் அரசாங்கப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் நான்காண்டுத் திட்டம் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு திட்டத்தைப் பிரித்து எழுதுவார்கள். அதில் வரும் இலக்கு அளந்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மாநிலம் முழுவதற்கும் பொதுவாக அளக்க இருப்பது என்ன? மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளில் நாடு முழுவதும் நடக்கும் நாப்லான் தேர்வு. 2023 முதல் அது மார்ச்சில் நடக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். ஏழு வயதுப் பிள்ளை ஹிரகானா என்ற ஜப்பானிய அடிப்படை எழுத்தை எவ்வளவு சரளமாக வாசிக்கிறாள் என்பதற்கு மாநில அளவுகோல் கிடையாது. அதனால் அது இலக்குப் பக்கத்தில் ஏறுவது கடினம். பாடசாலைக்கு அக்கறை இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஃபோனிக்ஸ் விடயத்துக்கு ஒரு கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு 25 மணிநேரம் கற்பித்தல். நாளுக்கு 25 நிமிடம் என்றால் வாரத்துக்கு 125 நிமிடம், அதாவது இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேல். உங்கள் பாடசாலையில் ஆங்கிலப் பாதி ஏறத்தாழ பன்னிரண்டரை மணிநேரம். அங்கே முன்பும் வாசிப்புப் பாடம் இருந்தது. அதே நேரத்துக்குள் முறையை மாற்றியிருந்தால் ஜப்பானியப் பாதியில் கை வைக்கத் தேவையே இல்லை. கை வைத்தார்களா என்பதைச் செய்திமடல் சொல்லாது, நேரசூசி சொல்லும். வகுப்பாசிரியரிடம் போன ஆண்டினதையும் இந்த ஆண்டினதையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானிய ஆசிரியர் சுகவீனமாக வராத நாளில் அந்தப் பாடத்தை யார், எந்த மொழியில் எடுக்கிறார் என்றும் கேளுங்கள். நேரம் கசிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஆங்கிலத்துக்குக் கொடுக்கும் கவனத்தை எதிரியாக நினைக்காதீர்கள். என் மூத்தவன் கணிதத்தை ஜப்பானிய மொழியில் படித்துவிட்டு மூன்றாம் வகுப்பில் நாப்லான் எழுதினான். "டிஃபரன்ஸ்" என்ன என்று கேட்ட கேள்விக்கு, ஓர் எண் ஒற்றை, மற்றது இரட்டை என்று எழுதினானாம். வீட்டுக்கு வந்து அவனே சொன்னான். "ஹிகிசான்" என்றிருந்தால் ஒரு நொடியில் கழித்திருப்பான். அன்று அவன் அழுதது எனக்கு இன்றும் மறக்கவில்லை. பிறகு பாடசாலை கணிதச் சொற்களை இரண்டு மொழிகளிலும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. இளையவளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

பதில்: நிஷிகசாயில் இருந்தவர்

வணக்கம் சகோதரி. நாங்கள் சென்னை. கணவரின் வேலைக்காகத் தோக்கியோவில் எடோகவா வட்டாரத்து நிஷிகசாயில் இருந்தோம். மகன் முதல் இரண்டு வகுப்புகளை அங்குள்ள பொதுப் பள்ளியில் படித்தான். ஜப்பானின் பாடத்திட்டப்படி முதல் வகுப்பில் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் 80, இரண்டாம் வகுப்பில் 160, ஆறு ஆண்டுகளில் மொத்தம் 1026. ஆஸ்திரேலியாவில் பாதி நேரம் படிக்கும் குழந்தையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. யாராவது ஒப்பிட்டுச் சொன்னால் மனம் தளராதீர்கள்.

அங்கே எனக்குப் பிடித்தது ஒன்தோகு என்ற வீட்டுப்பாடம். தினமும் பாடப்புத்தகத்தில் ஒரு பகுதியைக் குழந்தை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டும். பெரியவர் யாராவது உட்கார்ந்து கேட்டு, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஜப்பானிய மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் கேட்டேன். எங்கே தடுமாறுகிறான் என்பது மொழி தெரியாதவர் காதுக்கும் புரிந்துவிடும்.

சென்னைக்குத் திரும்பியதும் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டேன். புதுப் பள்ளி, புதுப் பாடங்கள், இரண்டு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. இப்போது அவனுக்குப் பள்ளிப் பாட்டுகள் நினைவிருக்கின்றன, நடன அசைவுகள்கூட நினைவிருக்கின்றன. அவன் படித்த அதே புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. உங்கள் கேள்வியைப் படித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். வாசிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியை

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு ஆண்டு தமிழ் படிப்பித்தவள். இப்போது பேரனோடு மெல்பேர்னில் இருக்கிறேன். அவனும் ஜப்பானிய மொழி படிக்கிறான். அவன் கொப்பியைப் பார்த்துப் பார்த்து நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

அவன் ஒருநாள் "கொரே, சொரே, அரே" என்று மனனம் செய்துகொண்டிருந்தான். சொல்பவரிடம் இருப்பது கொரே, கேட்பவர் பக்கம் இருப்பது சொரே, இருவருக்கும் தள்ளி இருப்பது அரே. ஆங்கிலத்தில் இரண்டுதானே இருக்கின்றன, மூன்றாவது எதற்கு என்று குழம்பிப்போனான். நான் சொன்னேன்: இது, உது, அது. உன் கையில் உள்ளதை நான் "உது" என்று சொல்வதில்லையா? அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டது. எங்கள் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அதை உங்கள் அம்மாவின் வாயிலிருந்து மகள் நாள்தோறும் கேட்கிறாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய கைமுதல் என்று நினைத்துப் பாருங்கள்.

"வதாஷி வா ஹொன் ஓ யோமிமாசு" என்பதை "நான் புத்தகத்தை வாசிக்கிறேன்" என்று அடுக்குக் குலையாமல் சொல்லலாம். "ஓ" இருக்கும் இடத்தில் நம் "ஐ" இருக்கிறது. கேள்விக்கு அவர்கள் கடைசியில் "கா" சேர்க்கிறார்கள், நாம் "ஆ" சேர்க்கிறோம். பதினொன்று அவர்களுக்கும் பத்தும் ஒன்றும்தான், இருபது இரண்டு பத்துதான். ஹிரகானா அட்டவணையைப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந. பௌத்தத் துறவிகள் இந்தியாவின் சித்தம் எழுத்தைக் கற்றதனால் வந்த வரிசை அது. நம் உயிர்மெய் அட்டவணை தெரிந்த பிள்ளைக்கு அது அந்நியமாக இராது.

ஜப்பானியமும் தமிழும் உறவுமொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் வாதிட்டார். யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். மொழியியலாளரில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. நான் உறவு கொண்டாடவில்லை, பிள்ளை. இரண்டு மொழிகளின் அடுக்கும் ஒன்றுபோல இருப்பது படிக்கும் பிள்ளைக்கு உதவும் என்று மட்டும் சொல்கிறேன். ஆகவே பாடசாலை என்ன முன்னுரிமை எழுதினாலும் வீட்டுத் தமிழைக் குறைக்காதீர்கள். ஜப்பானிய மொழிக்காகவும் குறைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்திவிட்டது. விடுமுறை முடிந்த முதல் வாரமே பாடசாலைக்குப் போய் இரண்டு ஆசிரியைகளையும் சந்தித்தேன்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி இரண்டு நேரசூசிகளையும் கேட்டேன். தயங்காமல் தந்தார்கள். ஃபோனிக்ஸ் முழுவதும் ஆங்கிலப் பாதிக்குள்தான் இருக்கிறது. காலை வாசிப்பு நேரத்தையே மாற்றி அமைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பாதி போன ஆண்டு போலவே இருக்கிறது. என் பயம் அந்த இடத்தில் பிழை.

ஆனால் நான் எதிர்பாராத ஓர் இடத்தில் நேரம் போயிருந்தது. ஊண்டோகாய்க்கு முந்திய மூன்று வாரமும் ஒத்திகை. அதற்கு எடுத்த நேரத்தில் பெரும்பகுதி ஜப்பானியக் கணித வேளை. மகளுக்குக் கழித்தல் இன்னும் தடுமாறுவதற்கு இதுதான் காரணமோ என்று கேட்டேன். சென்செய், அதாவது ஜப்பானிய ஆசிரியை, சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், ஒத்திகையும் ஜப்பானிய மொழியில்தான் நடந்தது, வரிசையில் நிற்பதும் பந்து எண்ணுவதும் மொழிதான் என்று. அதை நான் மறுக்கவில்லை. துணிப்பந்துகளை எல்லோரும் சேர்ந்து ஒவ்வொன்றாக எண்ணும்போது 47 வரை மகள் உரத்த குரலில் எண்ணியதை நானே கேட்டேன். ஆனாலும் 47 வரை எண்ணுவதும் 47இலிருந்து 19ஐக் கழிப்பதும் ஒன்றல்ல. அதையும் அவரிடம் சொன்னேன். அடுத்த ஆண்டு ஒத்திகை நேரத்தில் பாதியை விளையாட்டுப் பாட நேரத்திலிருந்து எடுக்க முடியுமா என்று அதிபரிடம் தானே கேட்பதாகச் சொன்னார்.

இன்னொன்றும் தெரிய வந்தது. சென்செய் ஒவ்வொரு தவணையும் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இருத்தி ஹிரகானா வாசிக்கவைத்துக் குறித்துக்கொள்கிறார். ஒரு நீலக் கொப்பி முழுவதும் இருக்கிறது. யாரும் கேட்காததால் அது எந்தத் திட்டத்திலும் ஏறவில்லை. மகளின் பக்கத்தைக் காட்டினார். பெப்ரவரியில் 46 எழுத்துகளில் 31, ஜூனில் 45. விடுபட்டது "நு". "மெ" என்று வாசிக்கிறாளாம்.

நிஷிகசாய் சகோதரி, உங்கள் மகனைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிரவே அம்மா பழைய கலண்டர் மட்டையில் கோடு போட்டு ஓர் அட்டை செய்துவிட்டார். மகள் வாசிப்பாள், அம்மா கேட்டுத் தமிழில் கையெழுத்துப் போடுவார். ஒன்பது நாள் ஆகிறது. தன் பெயரிலுள்ள ழகரத்தைப் பிறமொழிப் பெயர்களுக்கான கத்தகானா எழுத்தில் "ரி" என்று எழுத வேண்டியிருப்பதைச் சொல்லி, அந்த எழுத்தை மட்டும் அம்மம்மாவிடம் மூன்று முறை உச்சரித்துக் காட்டுகிறாள்.

அண்ணா, இந்தப் பாடசாலையின் நான்காண்டுத் திட்டம் அடுத்த ஆண்டு மீளாய்வுக்கு வருகிறதாம். சென்செய் குறித்துவைக்கும் அந்த வாசிப்பு விவரத்தைப் புதிய திட்டத்தில் ஓர் இலக்காகச் சேர்க்கும்படி சபைக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நான்கு பெற்றோர் கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடிதத்தை யாருக்கு முகவரியிடுவது, அதிபருக்கா, சபைத் தலைவருக்கா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.