விரியும் அட்டையில் ஒட்டிய மலை, மூடும்போது கிழிகிறது: உதவி தேவை

காகிதக்கூடு (கேள்வி):
வணக்கம். திறந்தால் ஒரு மலைக்காட்சி எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நடுமடிப்பின் இருபுறமும் உள்ள பக்கங்கள் ஒவ்வொன்றும் 12 செ.மீ. அகலம் கொண்டவை. கூடாரம் போல் மடித்த ஒரே பட்டைதான் மலை. அதன் இடது அடியை நடுமடிப்பிலிருந்து 4 செ.மீ. தள்ளியும், வலது அடியை 6 செ.மீ. தள்ளியும் ஒட்டியிருக்கிறேன். இடது சரிவின் நீளம் 7 செ.மீ., வலது சரிவு 6 செ.மீ. திறந்து வைத்தால் மலை மிக அழகாக நிற்கிறது. ஆனால், மூடும்போது வலது சரிவு புடைத்துக்கொள்வதுடன், இடது ஒட்டு மடலும் பிய்ந்து வருகிறது. பசையை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. உச்சி மடிப்பிலும் அட்டையின் மேற்பரப்பு வெடித்து வெள்ளை தெரிகிறது. 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம் எடை) அட்டையைத்தான் பயன்படுத்துகிறேன். எங்கே தவறு செய்கிறேன் என்று யாரேனும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அட்டைத்தச்சன் (மறுமொழி):
நண்பரே, உங்கள் பசையில் குறையில்லை, அளவில்தான் இருக்கிறது. அட்டை திறந்திருக்கும்போது இரண்டு சரிவுகளும் சேர்ந்து அடிகளுக்கு இடையிலான தூரத்தைவிட நீளமாக இருந்தால் போதும், மலை நின்றுவிடும். ஆகவே அந்த நிலையில் பிழை கண்ணுக்குத் தெரியாது. மூடும்போது இரண்டு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, சரிவுகள் இரண்டும் நடுமடிப்பிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சாய்கின்றன, உச்சி ஒரே இடத்தில் வந்து சேர வேண்டியிருக்கிறது. உங்கள் இடப்புறக் கணக்கு 4 + 7 = 11; வலப்புறக் கணக்கு 6 + 6 = 12. மிஞ்சிய 1 செ.மீ. போக வழியில்லாமல் வலது சரிவைப் புடைக்கச் செய்து, இடது மடலை இழுக்கிறது. இரண்டு கூட்டுத்தொகைகளும் சமமாக இருக்க வேண்டும். அத்தொகை பக்கத்தின் அகலமான 12-க்குள் அடங்கவும் வேண்டும், இல்லையெனில் மூடிய அட்டையின் விளிம்புக்கு வெளியே உச்சி எட்டிப்பார்க்கும்.

வலது சரிவை 5 செ.மீ. ஆக்கலாம், அல்லது வலது அடியை 5 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தலாம். சரிவில் ஏற்கெனவே படம் வரைந்திருப்பீர்கள் என்பதால் அடியை நகர்த்துவதையே நான் விரும்புவேன்.

நாரோட்டம் (மறுமொழி):
மேலே சொன்ன கணக்கு சரியானதே. உச்சி வெடிப்பதற்குக் காரணம் வேறு. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசைக்குக் குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து மேற்பரப்பு பிளக்கும், கனமான அட்டையில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். அட்டையை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எளிதாக இணங்குகிறதோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாகவே நார் ஓடுகிறது. உச்சிக் கோடு அந்த ஓட்டத்துக்கு இணையாக அமையும்படி பட்டையை வெட்டுங்கள். மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பேனாவின் முனையால் அளவுகோலை ஒட்டி ஒருமுறை அழுத்திக் கோடு இழுத்துவிட வேண்டும், அறுக்கக் கூடாது.

ஒட்டும்போது அளவுகோலையே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது பலரும் தவறவிடும் வழி. மடல்கள் இரண்டும் மலைக்கு அடியில், நடுமடிப்பை நோக்கி இருக்கட்டும். இடது மடலை மட்டும் முதலில் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு மலையைத் தட்டையாக மடித்து இடது பக்கத்தின் மேல் படுக்க வைத்து, மேலே தெரியும் வலது மடலில் பசையை மெல்லிதாகப் பூசி, வலது பக்கத்தை அப்படியே அதன்மேல் மூடி அழுத்துங்கள். மடல் தனக்குரிய இடத்தைத் தானே கண்டுகொள்ளும். பசை மிகுந்தால் ஈரத்தில் அட்டை நெளியும். பிதுங்கி வந்து பக்கங்களையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

காகிதக்கூடு:
இருவருக்கும் மிக்க நன்றி. வளைத்துப் பார்த்தபோது, நார் உச்சிக் கோட்டுக்குக் குறுக்காக ஓடியது தெரிந்தது. அதே 7, 6 அளவில் புதிய பட்டையை வெட்டி, அட்டையை மூடியே வலது மடலை ஒட்டினேன். காய்ந்தபின் திறந்து அளந்தால், வலது அடி நடுமடிப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் நிற்கிறது! உச்சியில் வெடிப்பு இல்லை. ஒரே ஒரு ஐயம்: மலைக்கு முன்னால் இதே முறையில் ஒரு சிறு குன்றையும் நிறுத்த விரும்புகிறேன், அதற்கும் இதே 11 செ.மீ. கூட்டுத்தொகை வர வேண்டுமா?

அட்டைத்தச்சன்:
வேண்டியதில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் அதனதன் இருபுறக் கூட்டுத்தொகைகள் சமமாக இருந்தால் போதும். குன்றுக்கு 3 + 4, 2 + 5 என்று 7 செ.மீ. வைத்துக்கொள்ளலாம். மூடிய நிலையில் அட்டை அடுக்குகள் ஒரே இடத்தில் குவிந்து தடிக்காமலிருக்க, இரண்டு உச்சிகளும் வெவ்வேறு தூரத்தில் அமைவதே நல்லது.