வேதியியல் வகுப்பின் விதிகள்: எந்த விதி, எந்த நாளில் உங்களுக்கு உறைத்தது?

தொடங்கியவர் (புதிய ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும் பணியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். முதல் நாளில் மாணவர்களிடம் கொடுப்பதற்காக வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் உரிய விதிகளை எழுதத் தொடங்கினேன். முடித்தபோது அவை 27 ஆகியிருந்தன. நேரத்துக்கு வர வேண்டும், செய்முறையை முன்னதாகவே படித்துவிட்டு வர வேண்டும், ஆய்வகத்தில் எதையும் உண்ணவோ பருகவோ கூடாது, நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும் என்று நீண்டுகொண்டே போகும் அந்தத் தாளை மறுநாள் நானே படித்துப் பார்த்தபோது, மாணவப் பருவத்தில் இதே போன்ற ஒரு தாளில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் கையெழுத்திட்டது நினைவுக்கு வந்தது. ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஏதேனும் ஒரு விதி வெறும் வாசகமாக இல்லாமல் உங்கள் மனத்தில் உறைத்த நிகழ்ச்சி இருந்தால் எழுதுங்கள். பட்டியல் வேண்டாம், அது என்னிடமே போதுமான அளவு இருக்கிறது.

ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதை எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். நான் பார்த்த மாணவனும் அன்று காலையில்தான் அதை ஒப்பித்திருந்தான். ஆனால் பாத்திரம் கழுவும் நேரத்தில், முகவையின் அடியில் சிறிதளவு அடர் கந்தக அமிலம் எஞ்சியிருப்பதைக் கவனிக்காமல் குழாயைத் திறந்துவிட்டான். கரைசல் தயாரிக்கும்போது மட்டுமே அந்த விதி பொருந்தும் என்று அவன் நினைத்திருந்தான். கழுவுவதும் தண்ணீர் சேர்ப்பதுதான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அடர் கந்தக அமிலம் தண்ணீரைப் போல ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தியுடையது. மேலே விழும் தண்ணீர் உடனே கலந்துவிடாமல் மேற்பரப்பிலேயே நிற்க, அந்த இடத்தில் வெளிப்படும் வெப்பம் அதைக் கொதிக்கச் செய்து, அமிலத் துளிகளையும் சேர்த்துத் தெறிக்க வைக்கிறது. அன்று தெறித்த துளிகளில் மூன்று அவனுடைய பாதுகாப்புக் கண்ணாடியின் மீது விழுந்தன. சோதனை முடிந்துவிட்டதென்று மற்றவர்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த நேரம் அது. இவன் சோம்பலால் கழற்றாமல் இருந்தானே தவிர, விதியை மதித்தல்ல. அடுத்த வாரம் அவனுடைய பருத்தி மேலங்கி துவைத்து வந்தபோது முன்பக்கமெங்கும் சிறு சிறு துளைகள் இருந்தன. துணியில் பட்ட அமிலத்தின் நீர் உலர உலர அது அடர்ந்து நூலை அரித்துவிடும். துவைக்கும்போதுதான் துளை கண்ணுக்குத் தெரியும்.

எனவே, கடைசி மாணவர் கடைசிக் குழாயைக் கழுவி வைக்கும்வரை ஒருவரும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று உங்கள் தாளில் எழுதுங்கள். கண்ணாடி அணிய வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதாது.

சூடான கண்ணாடிக் குழாய்க்கும் குளிர்ந்த குழாய்க்கும் பார்வையில் வேறுபாடே இராது என்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகும் நானே இருமுறை விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

முன்னாள் மாணவி

என்னுடைய நிகழ்ச்சி ஆபத்தானதல்ல, வெட்கத்துக்குரியது. கையுறை வேண்டாமென்று சில்வர் நைட்ரேட் கரைசலைக் கையாண்டேன். விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. விதியை மீறியும் ஒன்றும் ஆகவில்லை என்று உள்ளூர மகிழ்ந்தேன். மாலைக்குள் மூன்று விரல்களும் கறுத்துவிட்டன. தோலில் படிந்த சேர்மம் ஒளி பட்டு வெள்ளித் துகள்களாக மாறிவிட்டது. தோல் உரிந்து புதுப்பிக்கப்படும்வரை எந்தச் சோப்பாலும் போகவில்லை. ஆசிரியர் திட்டவில்லை. ஒவ்வொரு நாளும் வருகைப் பதிவின்போது என் கையை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான்.

வகுப்பறை விதிகளில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலகு எழுதாத விடைக்கு அவர் மதிப்பெண் தரமாட்டார். மோல் கணக்கு ஒன்றில் நான் 24 என்று மட்டும் எழுதியிருந்தேன். பக்கத்தில் சிவப்பு மையில், “24 என்ன? குதிரைகளா?” என்று கேட்டிருந்தார். அதன்பிறகு இன்றுவரை நான் எந்த எண்ணையும் தனியாக விட்டதில்லை.

மேல்நிலை ஆசிரியர்

பாதுகாப்பு பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் என் வகுப்பில் நடைமுறைப்படுத்த மிகவும் பாடுபட்ட விதி வேறு: கண்ட அளவையே எழுத வேண்டும்.

செறிவு தெரிந்த ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து மற்றொன்றின் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல் சோதனையில் ஓராண்டு முழுவதும் எல்லாப் பதிவேடுகளிலும் ஒரே அழகான எண்களையே கண்டேன். மூன்று முறையும் 20.0 மி.லி., மூன்று முறையும் 20.0 மி.லி. அதற்குப் பயன்படும், அளவுக்கோடிட்ட நீண்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் மிகச் சிறிய பிரிவு 0.1 மி.லி.; ஒரு துளியே ஏறத்தாழ 0.05 மி.லி. இருக்கும். கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைக்காமல் சற்று மேலிருந்து பார்த்தாலே அளவு மாறிவிடும். முதன்முதலாகப் பியூரெட்டைத் தொடும் ஐம்பது பேரின் கைகள் ஒரே துளியில் நின்றுவிடுவது நடக்கக்கூடியதல்ல. எங்கோ ஒரு மேசையில் கிடைத்த விடை மற்ற மேசைகளுக்கெல்லாம் நடந்து போயிருக்கிறது என்பது வெளிப்படை.

கண்டித்துப் பார்த்தேன், பயனில்லை. அடுத்த ஆண்டு, யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு மேசைக்கும் வெவ்வேறு செறிவுள்ள கரைசலை வைத்தேன். அன்றும் பெரும்பாலானவர்கள் 20.0 என்றே எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் 17.3, 17.9, 17.3, 17.3 என்று எழுதி, இரண்டாவது எண்ணை அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு, “இளஞ்சிவப்பு அடர்ந்துவிட்டது, நிறுத்தத் தாமதித்தேன்” என்று குறித்திருந்தாள். பீனால்ப்தலீனை, முடிவை நிறத்தால் உணர்த்தும் காட்டியாகப் பயன்படுத்தும்போது மங்கலான இளஞ்சிவப்பு தோன்றி நிலைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்; அடர்ந்த நிறம் வந்தால் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று பொருள். அவள் அதைத் தானே கண்டறிந்து, தானே ஒப்புக்கொண்டு, நான்காவது முறையும் செய்து பார்த்திருக்கிறாள். தன் மேசையில் கிடைத்த விடை எல்லோருடைய விடையிலிருந்தும் வேறுபட்டிருந்தும் அதை மாற்றவில்லை.

அவளை எல்லோர் முன்னிலும் பாராட்டி மற்றவர்களைச் சாடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு என்னுடைய மதிப்பெண் முறையைப் பார்த்தேன். சரியான அளவுக்குப் பத்தில் எட்டு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான். நேர்மையாகப் பிழை செய்தவருக்கு இரண்டு, பார்த்து எழுதியவருக்குப் பத்து. எந்த விதியை நான் வாயால் சொன்னேனோ அதற்கு நேர்மாறான விதியை என் சிவப்பு மை சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அளவுக்கு நான்கும், பதிவுக்கும் பிழையைப் பற்றிய விளக்கத்துக்கும் ஆறும் என்று மாற்றிவிட்டேன். மாணவப் பருவத்தில் நானும் எண்களை அமைத்து எழுதியவன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மற்றோர் ஆசிரியை

மேலே எழுதியவருடன் உடன்படுகிறேன். என் பங்குக்குக் காரணம் சொல்லாத விதி ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

ஆல்டிஹைடு என்னும் கரிமச் சேர்ம வகையைக் கண்டறியும் வெள்ளி ஆடிச் சோதனையை மாணவர்கள் மிகவும் விரும்புவார்கள். சோதனைக்குழாயின் உட்புறம் பளபளப்பான கண்ணாடியாக மாறுவதைக் கண்டு வியக்காதவர் இல்லை. முடிந்தவுடன் மீதிக் கரைசலை என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன், ஏன் என்று சொல்லவில்லை. மாலையில் அலமாரியைப் பூட்டப் போனபோது, பெயர் ஒட்டப்படாத சிறிய குப்பி ஒன்றில் அந்தச் சோதனைக்குரிய டாலன்ஸ் கரைசல் இருந்தது. மறுநாள் தன் தம்பிக்கு இதே சோதனையைச் செய்து காட்டுவதற்காக ஒரு மாணவன் எடுத்து வைத்திருந்தான். அம்மோனியா கலந்த அந்த வெள்ளிக் கரைசலை வைத்திருந்தால், சிறு அசைவிலேயே வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் அதில் உருவாகலாம். சில மணி நேரமே ஆகியிருந்ததால், நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து அதைச் செயலிழக்கச் செய்ய முடிந்தது. அந்தச் சில நிமிடங்களில் என் கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை.

அவனை அழைத்துக் கேட்டேன். “வீணாகாமல் இருக்கட்டும் என்றுதான் வைத்தேன் மிஸ். வெடிக்கும் என்று நேற்றே சொல்லியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன்” என்றான். என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்

அம்மா எழுதியதில் ஒரே ஒரு மாறுபாடு. எல்லா விதிக்கும் காரணம் சொல்லலாம், ஆனால் ஒரு விதி காரணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. “நில்” என்று ஆசிரியர் சொன்னால் கையில் இருப்பதை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நிற்க வேண்டும். கண்ணில் சோடியம் ஹைட்ராக்சைடு பட்டவனை நீர்க்குழாய்க்கு இழுத்துச் செல்லும் வழியில் இருபது பேர் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவிய பிறகே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எரிச்சல் குறைந்துவிட்டதென்று அந்த மாணவன் இரண்டாவது நிமிடத்திலேயே தலையை நிமிர்த்தப் பார்த்தான். காரணத்தை மறுநாள் சொல்லுங்கள்.

தொடங்கியவர் (புதிய ஆசிரியை)

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. 27 விதிகளையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். எதற்கெல்லாம் எனக்கே காரணம் தெரியவில்லையோ அவற்றை முதலில் நீக்கினேன். அப்படி ஆறு இருந்தன என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒன்றையே வேறு சொற்களில் திரும்பச் சொன்னவற்றைச் சேர்த்தேன். இப்போது 11 இருக்கின்றன. “நில்” முதலாவது, அதற்கு மட்டும் காரணம் எழுதவில்லை. மற்ற பத்துக்கும் பக்கத்தில் வெற்றிடம் விட்டிருக்கிறேன். முதல் வகுப்பில் மாணவர்களே குழுவாகப் பேசி ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஊகித்து அந்த இடத்தில் எழுத வேண்டும். தவறான ஊகங்களைத் திருத்துவதே அன்றைய பாடம்.

மதிப்பெண் முறையையும் மாற்றிவிட்டேன், ஆனால் பாதியை அளவுக்கே விட்டிருக்கிறேன். கவனமாகச் செய்து சரியான அளவைப் பெற்றவர்களுக்கும் அதற்குரியது கிடைக்க வேண்டும் அல்லவா? அந்த ஆசிரியர் இதற்கு என்ன சொல்வார் என்று அறிய விரும்புகிறேன். வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது.